இந்த வருஷம் அந்த ஜெபம் வேண்டாம்

எங்கள் சபையில் கிறிஸ்துமஸ் பாட்டுக்காரர்கள் வீட்டுக்கு வந்தால் இரண்டு பாட்டுப் பாடிவிட்டு உடனே கிளம்பிவிட மாட்டார்கள். பாட்டு முடிந்ததும் உபதேசியார் அந்த வீட்டில் யார் வயதில் மூத்தவரோ அவரைப் பார்த்து, "சொல்லுங்க, இந்த வருஷம் கர்த்தர் உங்க வீட்டுக்கு என்னென்ன செஞ்சாரு?" என்று கேட்பார். அந்தப் பெரியவர் எழுந்து நின்று வருஷத்துக் கதையைச் சொல்ல வேண்டும். யார் பிறந்தார்கள், யார் போனார்கள், யாருக்கு வேலை கிடைத்தது, யாருக்கு உடம்பு முடியாமல் போனது, எல்லாம் சொல்ல வேண்டும். அவர் சொன்னதை உபதேசியார் வரிசையாக ஜெபத்தில் வைப்பார். எல்லோரும் ஆமென் சொல்வார்கள். அதோடு அது ஊருக்குத் தெரிந்த விஷயம் ஆகிவிடும். அப்புறம் யாரும் குழாயடியில் நின்றுகொண்டு, "அப்டியாமே, நெசமா?" என்று கேட்க முடியாது. தண்டோரா போட்டு முடித்த மாதிரிதான்.

உபதேசியார் என்றால் எங்கள் தெருச் சபையைப் பார்த்துக்கொள்கிறவர். பாஸ்டருக்கு நிறைய ஊர்கள் இருக்கின்றன, அவர் எப்போதாவதுதான் வருவார். பிரசங்கம், ஜெபம், சாவு வீடு, பிள்ளைகளின் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளி எல்லாம் உபதேசியார்தான். நல்ல மனுஷன். சர்க்கரை வியாதிக்காரர். எங்கள் வீட்டில் அவருக்கு மட்டும் சர்க்கரை இல்லாமல் டீ போடுவோம். குடித்துவிட்டு ஒரு துண்டு கேக்கும் சாப்பிடுவார்.

எங்கள் வீட்டில் மூத்தவன் நான். என் அப்பா இறந்த வருஷத்திலிருந்து நான்தான் சொல்கிறேன். எனக்குப் படிப்பு இல்லை. பாட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்திருப்பேன், பாட்டெல்லாம் மனப்பாடம்தான். ஆனால் வருஷத்தைச் சொல்வதில் நான் ஒரு மாதத்தையும் விடமாட்டேன். தை, மாசி, பங்குனி என்றுதான் எனக்குக் கணக்கு வரும். நாற்று நட்டுக் களை பறித்தவனுக்கு அப்படித்தான் வரும். என் மகளுக்கு வருஷம் என்றால் சம்பள மாதங்கள், அப்புறம் போனஸ். என் பேத்திக்கு செமஸ்டர். நான் மட்டும் தையில் தொடங்கி மார்கழியில் முடிப்பேன்.

முன்பு சொன்னதெல்லாம் நினைவில் இருக்கிறது. பெருவெள்ளம் வந்த வருஷம் நான் சொன்னதற்குப் பாட்டுக்காரர்கள் பாதி பேர் அழுதார்கள். ஏரி உடைந்து எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. பக்கத்து வீட்டுப் பீரோ மிதந்து வந்து எங்கள் சுவரில் முட்டி நின்றது. அதற்குள்ளே ஒரு பட்டுப்புடவை நனையாமல் இருந்தது. அது எப்படி நனையாமல் இருந்தது என்று இன்றுவரைக்கும் யாரும் சொல்லவில்லை. வல்லம் வடகாலில் கம்பெனிகள் வந்தபோது, எங்கள் தெருவுக்குள் முதன்முதலாகக் கம்பெனி பஸ் வந்த வருஷத்தையும் சொன்னேன். பஸ் திரும்ப இடமில்லாமல் ரிவர்ஸிலேயே மெயின் ரோடுவரை போனது. பிள்ளைகள் அதன் பின்னாலேயே ஓடி, "வரலாம், வரலாம்" என்று கையைக் காட்டினார்கள். அதற்காகக்கூட அன்றைக்கு இருந்த உபதேசியார் ஸ்தோத்திரம் சொன்னார்.

ஒரே ஒரு வருஷம்தான் நான் எதுவும் சொல்லவில்லை. என் மருமகன் ஒரகடம் ரோட்டில் கண்டெய்னர் லாரியில் அடிபட்டுப் போன வருஷம் அது. எழுந்து நின்றேன், வாய் வரவில்லை. உபதேசியாரே என் தோளைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு ஜெபம் பண்ணினார். என் மகள் அப்போது தன் பிள்ளையோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டிருந்தாள். அவளைப் பற்றி அவர் ஜெபத்தில், "துணையை இழந்து நிற்கிற உம்முடைய மகளுக்கு இனி நீரே துணையாக, நீரே புருஷனாக இரும்" என்றார். அன்றைக்கு அது எங்களுக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த வருஷமும் அதையே சொன்னார். அதற்கு அடுத்த வருஷமும் சொன்னார். அவர்மேல் தப்பில்லை. விதவை இருக்கிற வீட்டில் அந்த வார்த்தையைத்தான் வைக்க வேண்டும் என்று அவருக்குப் பழக்கம். அவர் அதைச் சொல்லும்போது பாட்டுக்காரர்கள் கண்ணை மூடியிருந்தாலும் ஓரக்கண்ணால் என் மகளைப் பார்ப்பார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு நிற்பாள். புடவை முந்தானை நுனியைத் திருகிக்கொண்டே இருப்பாள்.

அவளுக்கு இப்போது நாற்பது நெருங்குகிறது. வண்டிகளுக்குள்ளே போகிற ஒயர்களைக் கட்டுகிற கம்பெனியில் லைனில் நிற்கிறாள். அவள் பெண் பிளஸ் டூ முடித்துவிட்டு இந்த வருஷம் காலேஜில் சேர்ந்தாள், ஹாஸ்டலிலிருந்து ஞாயிறானால் வந்துவிடுவாள். என் மனைவி, நான், அவர்கள் இருவர், மேல் போர்ஷனில் வாடகைக்கு இருக்கிற தென்தமிழ்நாட்டுப் பையன்கள். இதுதான் எங்கள் வீடு.

டிசம்பர் மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை நான் வாசலில் ஸ்டார் கட்டிக்கொண்டிருந்தேன். காகித ஸ்டார் ஒவ்வொரு வருஷமும் மழையில் நனைந்து போகிறது என்று இந்த வருஷம் பிளாஸ்டிக் ஸ்டார் வாங்கியிருந்தாள் மகள். கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தவள், திடீரென்று சொன்னாள்:

"நைனா, இந்த வருஷம் அந்த ஜெபம் வேணாம்."

"எந்த ஜெபம்மா?"

"அதான். கர்த்தரே புருஷனா இருக்கணும்னு உபதேசியார் சொல்லுவாரில்ல, அது."

நான் கீழே பார்த்தேன். அவள் ஸ்டூலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ மொதல்ல விஷயத்த சொல்லிட்டின்னா அவரு வேற மாதிரி பண்ணுவாரு. நீ சொல்லலன்னா அவருக்கு எப்டித் தெரியும்? தெரிஞ்சதத்தான் ஜெபத்துல வெப்பாரு. அதுக்கப்புறம் பொங்கல் முடிஞ்சி நம்ம ஓல வாசிச்சா ஊரே சிரிக்கும் நைனா. போன மாசம்தான் கர்த்தர் புருஷனா இருந்தாரு, இந்த மாசம் இன்னாடா இதுன்னு."

ஓலை என்பது கல்யாண அறிவிப்பு. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு சர்ச்சில் வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று. என் மகளுக்குத் தை மாதம் ஓலை வாசிப்பதாக வீட்டுக்குள்ளே பேசி வைத்திருந்தோம். வெளியே யாருக்கும் தெரியாது.

உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த என் மனைவி முறத்தோடு வெளியே வந்தாள். காது நன்றாகக் கேட்கும் அவளுக்கு, கண்தான் மங்கியிருந்தது. அந்தக் கண்ணும் இந்த வருஷம் சரியாகிவிட்டது.

"ஓல வாசிக்கற வரிக்கும் வாயத் தொறக்காத," என்றாள் என்னிடம். "படப்பையில கீறவங்க காதுல வுழுந்துதுன்னா வந்து நிப்பாங்க."

படப்பையில் இருக்கிறவர்கள் என்றால் இறந்துபோன மருமகனின் வீட்டார்.

"வந்தா வரட்டும்மா, டீ போட்டுக் குடுப்போம்," என்றாள் மகள்.

"உனக்கு இன்னா, நீ பேசுவ. அந்தப் புள்ளயோட சனங்க மொகத்த நான் எப்டிப் பாக்கறது? அதோட அண்ணங்காரன் என்ன அத்த அத்தன்னுதான் கூப்புடுவான்."

என் மனைவி அழவில்லை, கோபமாகவும் பேசவில்லை. முறத்தில் இருந்த கல்லைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள். இறந்துபோன மருமகனை அவள் தன் பிள்ளையாகத்தான் வைத்திருந்தாள். அவன் சட்டை ஒன்றை இன்னும் டிரங்குப் பெட்டியில் மடித்து வைத்திருக்கிறாள். எனக்கு அவளையும் புரிந்தது, மகளையும் புரிந்தது. ஸ்டூலில் நின்றுகொண்டு இரண்டு பேரையும் புரிந்துகொள்வது கஷ்டம். இறங்கிவிட்டேன்.

"சொல்றேம்மா," என்றேன் மகளிடம்.

"சொல்றேன்னு மாட்டுக் கதைய ஆரம்பிச்சிடாத. மொதல்ல இத்த சொல்லு."

"அது அது அந்தந்த மாசத்துல வரும்மா."

"உன் ஆடி மாசம் வர்றதுக்குள்ள பாட்டுக்காரங்கெல்லாம் குன்றத்தூருக்கே போய்ச் சேந்துடுவாங்க."

ஆடி மாதம் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து நான் வீட்டில் வந்து உட்கார்ந்த நேரம், ஒருவர் வாசலில் செருப்பைக் கழற்றினார். என் மகள் போகிற கம்பெனி பஸ்ஸை ஓட்டுகிறவர். திருநெல்வேலிப் பக்கம். மனைவி காய்ச்சலில் போய் வருஷங்கள் ஆகிவிட்டன, பிள்ளை இல்லை. எங்கள் சபையில் இப்போது பாதிப் பேர் தெற்கிலிருந்து வேலைக்கு வந்தவர்கள்தான், அவர்கள் வந்த பிறகுதான் எங்கள் சர்ச்சில் பாட்டு பாட்டாகக் கேட்கிறது. அவரும் அதில் ஒருவர். நல்ல உயரம், கொஞ்சம் தொப்பை. கையில் ஒரு ஓலைப் பெட்டி நிறையக் கருப்பட்டி.

"அய்யா, எனக்கு சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாது," என்றார். "உங்க மவளக் கட்டிக்கிடலாம்னு கேக்க வந்திருக்கேன்."

எனக்கு என்ன கேட்பதென்று தெரியவில்லை. சம்பளம் கேட்கலாம், சொந்தக்காரர்களைக் கேட்கலாம். என் வாயில் வந்தது வேறு.

"பஸ்ஸுல பிரேக்கு நல்லா புடிக்குமா?"

அவர் சிரிக்கவில்லை. "புடிக்கும் அய்யா. தெனமும் நானே பாத்துட்டுத்தான் வண்டிய எடுக்கேன்," என்றார்.

அதற்கு மேல் எனக்குக் கேட்க ஒன்றும் இல்லை. மகள் சமையலறையில் இருந்தாள், பாத்திரம் விளக்குகிற சத்தம் நின்றிருந்தது. அவளுக்குச் சம்மதம் என்று எனக்கு அதிலேயே தெரிந்துவிட்டது. பேத்தியிடம் தனியாகக் கேட்டேன். "நான் ஹாஸ்டலுக்குப் போய்ட்டா அம்மா யார் கூட சண்ட போடும் தாத்தா? யாராச்சும் வேணுமில்ல," என்றாள். என் மனைவி மட்டும் அவர் கொண்டுவந்த கருப்பட்டியை எடுத்து மேல் பரணில் வைத்தாள். அதைத் தொடவேயில்லை. எறும்புதான் தின்றது.

முன்பெல்லாம் பாட்டுக்காரர்கள் ராத்திரியில் வருவார்கள், விடிய விடியப் போவார்கள். இப்போது ஷிப்டு வந்த பிறகு அது முடியாது. ட்ரம் அடிக்கிறவன் நைட் ஷிப்டு, கிட்டார் வாசிக்கிறவன் காலை ஷிப்டு. எல்லோரும் ஒன்றாகக் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும்தான். அதிலும் யாருக்காவது ஓ.டி. இருக்கும். அதனால் வெயில் இருக்கும்போதே தெருவை முடித்துவிடுவார்கள்.

அடுத்த ஞாயிறு எங்கள் முறை வந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கழுவிப் போட்டேன். முறுக்கு, கேக்கு, டீ. பாட்டு தெருமுனையில் கேட்டதுமே பேத்தி ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து என் காதில் சொன்னாள்:

"தாத்தா, கிறிஸ்மஸ் தாத்தா யாரு தெரியுமா? அவர்தான்."

கிறிஸ்துமஸ் தாத்தா வேஷத்தை ஒவ்வொரு வருஷமும் மேல் போர்ஷன் பையன் ஒருவன் போடுவான். அவனுக்கு அன்றைக்கு ஓ.டி. சிவப்பு அங்கி பெரிய ஆளுக்குத்தான் பொருந்தும், பஸ்காரருக்கு உயரமும் இருந்தது, வயிறும் இருந்தது. பிடித்து மாட்டிவிட்டிருக்கிறார்கள். வெள்ளைத் தாடி வைத்த ரப்பர் முகமூடி போட்டு, மணி அடித்துக்கொண்டு, மிட்டாய் கொடுத்துக்கொண்டு எங்கள் வாசலுக்குள் ஆடிக்கொண்டு வந்தார். அங்கிக்குக் கீழே காக்கி பேண்ட் தெரிந்தது. ராத்திரி டிரிப்புக்கு அப்படியே போக வேண்டும் போலிருக்கிறது. என் மகள் கதவோரமாக நின்று அந்தக் காக்கியைப் பார்த்தாள். சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள்.

இரண்டு பாட்டுப் பாடினார்கள். தெற்கத்திப் பையன்கள் ட்ரம்மைப் போட்டு அடித்த அடியில் எங்கள் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. முடிந்ததும் உபதேசியார் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"சொல்லுங்க பெரியவரே. இந்த வருஷம் கர்த்தர் என்னென்ன செஞ்சாரு?"

நான் எழுந்து நின்றேன். மகளைப் பார்த்தேன். மனைவியைப் பார்த்தேன். பயமா என்று கேட்டால், பயம் இல்லை. ஆனால் ஒரு பெரிய விஷயத்தை எடுத்தவுடனே முதலில் போட்டுவிட்டால் மற்ற விஷயமெல்லாம் என்ன ஆவது? அவற்றுக்கும் ஸ்தோத்திரம் சொல்ல வேண்டுமல்லவா? நான் தையிலிருந்து தொடங்கினேன்.

"தை மாசம் இவளுக்குக் கண்ணு ஆப்பரேஷன். எலவச கேம்ப்புல பண்ணாங்க. கட்ட அவுத்த ஒடனே என்னப் பாத்து இன்னா சொன்னா தெரியுமா? 'யோவ், இவ்ளோ கெழவனா ஆயிட்டியா, சொல்லவே இல்லியே'ன்னா."

பாட்டுக்காரர்கள் சிரித்தார்கள்.

"ஆமா, பொய்யா சொன்னேன்?" என்றாள் என் மனைவி.

"மாசி மாசம் மாட்ட குடுத்துட்டோம்," என்றேன். அங்கேதான் நான் கொஞ்சம் நின்றுவிட்டேன். மாட்டைப் பற்றிச் சொன்னால் அதன் தாயைப் பற்றிச் சொல்லாமல் எப்படி? அதன் தாய் ஒருமுறை கம்பெனிக் காம்பவுண்டுக்குள் புகுந்தபோது, கேட்டில் இருந்த செக்யூரிட்டி அதற்கும் விசிட்டர் பாஸ் போட வேண்டும் என்று சொன்னான். அதைச் சொன்னேன். இந்த மாடு ரோட்டோர டீக்கடையில் லாரி டிரைவர்கள் வைக்கிற மிச்ச பன்னுக்காக சாயங்காலமானால் தானாகவே போய் நிற்கும். அதையும் சொன்னேன். மேய்க்கிற இடமெல்லாம் காம்பவுண்டு சுவர் ஆகிவிட்டதால்தான் கொடுத்தோம், ஆனால் கொடுத்த இடத்தில் நன்றாக இருக்கிறது, போன மாதம் போய்ப் பார்த்தேன், என்னைக் கண்டுகொள்ளவே இல்லை.

"நைனா," என்றாள் மகள் கதவோரத்திலிருந்து. மெதுவாகத்தான்.

"இரும்மா, வர்றேன்," என்றேன்.

பங்குனியில் மேல் போர்ஷனுக்கு இரண்டு புதுப் பையன்கள் வந்தார்கள். அவர்கள் மீன் குழம்பில் தேங்காய் அரைத்துவிட்டு வைப்பார்கள், என் மனைவி அதைப் பார்த்து முதலில் பாயசம் என்று நினைத்தாள். சித்திரையில் பேத்திக்கு ரிசல்ட் வந்தது. வைகாசியில் போர்வெல் வற்றி, பழைய குழாயைப் பிடுங்கி, இன்னும் ஆழமாகப் போட்டோம். போர் போடுகிற வண்டிக்காரன் கல் வந்துவிட்டது, தண்ணீர் வராது என்று எழுந்துவிட்டான். என் பேத்தி, இன்னும் கொஞ்சம் போடுங்கண்ணா என்று கெஞ்சினாள். போட்டான், வந்தது.

ட்ரம் அடிக்கிறவன் போனை எடுத்து மணி பார்த்தான். இன்னொரு பையன் காலை மாற்றி மாற்றி வைத்தான். கிறிஸ்துமஸ் தாத்தா அசையாமல் நின்றார், முகமூடிக்குக் கீழே கழுத்தில் வியர்வை வழிந்து அங்கியின் வெள்ளைக் காலர் நனைந்திருந்தது. முகமூடியைத் தெருவெல்லாம் முடிகிற வரை கழற்றக் கூடாது, குழந்தைகள் பார்த்துவிடும் என்பது வழக்கம்.

வைகாசியை முடித்து நான் தண்ணீர் குடிக்கச் சொம்பை எடுத்தேன். தொண்டை காய்ந்துவிட்டது. அவ்வளவுதான் செய்தேன். ஆனால் நான் வாயை மூடியதைப் பார்த்ததும் உபதேசியார் முடிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டார். இன்னும் எத்தனையோ வீடுகள் பாக்கி.

"மிகவும் சந்தோஷம். ஜெபிப்போம்," என்றார்.

எல்லோரும் கண்ணை மூடிவிட்டார்கள். எங்களுக்குள் ஒருவர் ஜெபம் பண்ணும்போது இன்னொருவர் பேசுவதில்லை. ஆமென் தவிர வேறு வார்த்தை கிடையாது. சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு நான் அப்படியே நின்றேன்.

"அன்பின் பரலோகத் தகப்பனே," என்று உபதேசியார் தொடங்கினார். "இந்தத் தாயாருடைய கண்ணைத் திறந்தீரே, ஸ்தோத்திரம். இவர்களுடைய மாட்டை ஒரு நல்ல இடத்தில் சேர்த்தீரே, ஸ்தோத்திரம். பேரப்பிள்ளையின் படிப்புக்காக ஸ்தோத்திரம். கன்மலைக்குக் கீழே தண்ணீரை வைத்தீரே, ஸ்தோத்திரம்."

நான் கண்ணை மூடவில்லை. என் மகளும் மூடவில்லை. டீ தட்டைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. குனிவதற்குத் தயாராக இருந்தாள், அது தெரிந்தது. ஒவ்வொரு வருஷமும் குனிகிற மாதிரி. அவள் கழுத்து மெதுவாக இறங்கத் தொடங்கியது.

"இந்த வீட்டிலே துணையை இழந்து நிற்கிற உம்முடைய மகளை நினைத்தருளும். அவளுக்கு நீரே—"

"ஐயா, கொஞ்சம் நிறுத்துங்க."

என் மகள்தான். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் ஜெபத்துக்கு நடுவில் எங்கள் சபையில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. உபதேசியார் கண்ணைத் திறந்தார். பாட்டுக்காரர்கள் ஒவ்வொருவராகத் திறந்தார்கள்.

"எங்க நைனா இன்னும் முடிக்கல," என்றாள். "இன்னும் ஆடி மாசத்துக்கே வரல."

யாரோ ஒரு பையன் களுக்கென்று சிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். உபதேசியார் என்னைப் பார்த்தார். "மன்னிச்சிக்குங்க பெரியவரே. ஆடியில இன்னா?"

நான் சொம்பைக் கீழே வைத்தேன். இந்த முறை எந்த மாட்டையும் எந்த மாட்டின் தாயையும் சொல்லவில்லை.

"ஆடியில என் பொண்ண ஒருத்தர் கேட்டு வந்தாரு ஐயா. நாங்க குடுக்கறதா சொல்லிட்டோம். தையில ஓல வாசிக்கணும்."

என் மனைவி முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். உபதேசியார் என் மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"யாரு பெரியவரே? நம்ம சபையா?"

நான் கையை நீட்டி கிறிஸ்துமஸ் தாத்தாவைக் காட்டினேன்.

எல்லோரும் திரும்பினார்கள். அவருக்கு வேறு வழியில்லை. இரண்டு கையாலும் முகமூடியைப் பிடித்து மேலே இழுத்தார். அது வியர்வையில் ஒட்டிக்கொண்டு, தாடி முதலில் வந்து, அப்புறம் மூக்கு, அப்புறம் மொத்தமாக வந்தது. உள்ளே அவர் முகம் தண்ணீரில் முக்கி எடுத்த மாதிரி இருந்தது. பாட்டுக்காரர்களோடு வந்திருந்த ஒரு சின்னக் குழந்தை, "தாத்தா தல கயண்டுச்சி," என்று அலறிக்கொண்டு அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு யாராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அண்ணாச்சி, எங்ககிட்டகூட ஒரு வார்த்த சொல்லலியே," என்றான் கிட்டார்க்காரன். அவனும் திருநெல்வேலிப் பக்கம்தான்.

"சொல்லக் கூடாதுன்னு சொல்லிட்டாவ," என்றார் பஸ்காரர், என் மனைவி நின்ற பக்கம் பார்க்காமல்.

உபதேசியார் சிரிக்கவில்லை. ஓலை வாசிக்கிறவர் அவர்தானே, கேட்க வேண்டியதைக் கேட்டார். என் மகளிடம் திரும்பி, "உனக்கு மனசார சம்மதமாம்மா? பெரியவங்க சொன்னாங்கன்னு இல்லியே?" என்றார்.

"மொதல்ல கேட்டதே நான்தான் ஐயா," என்றாள் என் மகள்.

எனக்கு அது புதுச் செய்தி. அத்தனை மாதமும், அவர் கேட்டு வந்தார், நாங்கள் கொடுத்தோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"பஸ்ஸுல கடைசி ஸ்டாப்புல எறங்கும்போது கேட்டேன். அவரு பதிலே சொல்லல. ரொம்ப நாள் கழிச்சி, உங்கப்பாகிட்ட வந்து கேக்கேன்னாரு."

"பயந்துட்டேன் அய்யா," என்றார் பஸ்காரர் உபதேசியாரிடம். "அன்னைக்கி டிரிப்புல ரெண்டு ஸ்டாப்ப தாண்டிப் போயிட்டேன்."

பையன்கள் மறுபடியும் சிரித்தார்கள். பேத்தி என் கையைப் பிடித்துக் கிள்ளினாள். அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது, கிள்ளின விதத்திலேயே தெரிந்தது.

உபதேசியார் கையைத் தூக்கினார். சத்தம் அடங்கியது. எல்லோரும் மறுபடி கண்ணை மூடினோம். இந்த முறை நானும் மூடினேன். விட்ட இடத்திலிருந்து தொடங்குவார் என்று நினைத்தேன். அவரால் முடியவில்லை. விட்ட இடத்தில் அந்த வார்த்தை இருக்கிறதே. அதை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் வைக்க அவரிடம் வேறு வார்த்தை தயாராக இல்லை. பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது.

"கர்த்தாவே," என்றார் கடைசியில், பிரசங்கக் குரலில் இல்லை, எங்களோடு பேசுகிற குரலில். "இந்தப் பொண்ணு கேட்டுது. நீர் குடுத்தீரு. ரொம்ப ஸ்தோத்திரம். ஆமென்."

அவர் செய்த ஜெபங்களிலேயே சின்ன ஜெபம் அதுதான். ஆமென் என்று எல்லோரும் சேர்ந்து சொன்னோம். என் மகள் நிமிர்ந்து நின்று சொன்னாள். அவள் குரலை நான் தனியாகக் கேட்டேன்.

எல்லோரும் சொல்லி முடித்து, கண்ணைத் திறந்து, ட்ரம்மைத் தோளில் மாட்டிக்கொண்டு, முறுக்கை எடுத்துக் கடிக்கத் தொடங்கிவிட்ட பிறகு, சுவரைப் பார்த்து நின்ற என் மனைவியிடமிருந்து தனியாக ஒரு ஆமென் வந்தது. யாரும் கவனிக்கவில்லை. அவள் உள்ளே போய் ஒரு துண்டைக் கொண்டுவந்தாள். புதுத் துண்டு, கிறிஸ்துமஸுக்கு எனக்காக வாங்கி வைத்திருந்தது. அதை பஸ்காரரிடம் நீட்டினாள்.

"தொடச்சிக்கோப்பா. இந்த வேர்வயோட காத்துல போனா சளி புடிக்கும். ராத்திரிக்கு வண்டிய வேற ஓட்டணும்."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு துண்டைத் திருப்பிக் கொடுத்தார். அவள் வாங்கவில்லை.

"கழுத்துல போட்டுக்கோ. உள்ள வேர்க்குதில்ல," என்றாள்.

அவர் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, அதன்மேல் முகமூடியை மாட்டி, மணியை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஆடிக்கொண்டே போனார். துண்டின் நீலக்கரை தாடிக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது.